ஒரே கமிட்டில் ஏழாண்டு

வாய்மை சிலருக்கு அணிகலன், சிலருக்கு எலும்பு. எலும்பாய் வாய்த்தவர் அதைக் கழற்றி வைத்தல் இயலாது. நான் அறிந்த நிரலர் ஒருவர் அத்தகையவர். அலுவலகத்தார் அவரைச் ‘சாட்சி’ என்றே அழைப்பர்.

அவர் காத்துவந்த மென்பொருளின் நிரல், எவரும் காணத்தக்க பொதுத்தளத்தில் இருந்தது. யார், எந்நாள், எவ்வரியை மாற்றினார் என்பது ‘கமிட்’ என்னும் பதிவாய் அங்கே நிற்கும். முதல் ஏழாண்டுப் பதிவுகளுள் பெரும்பாலானவை அவர் மனைவியின் பெயரில் இருந்தன. அதே அலுவலகத்தில் பணியாற்றி, மகள் பிறந்தபின் வேலையை விட்டிருந்த அம்மையார், வரும் வியாழனன்று புதிய நிறுவனமொன்றின் நேர்காணலில் அவற்றையே தம் தகுதிச் சான்றாய்க் காட்டவிருந்தார்.

திங்களன்று, பழைய கமிட் ஒன்றில் வாடிக்கையாளரின் கடவுச்சொல் கிடப்பது தெரிந்தது. உடனே அதை மாற்றினர். ஆயினும் தடயமே கூடாதென்றார் வாடிக்கையாளர்.

“எல்லா கமிட்டையும் அமுக்கி ஒண்ணா ஏத்திடுங்க. மத்தியானத்துக்குள்ள முடியணும்,” என்றார் மேலாளர்.

“அப்படிச் செஞ்சா எல்லாம் என் பேர்ல வந்துடும் சார். அந்த ஒரு ஃபைலை மட்டும் உருவி எடுத்தா மத்தவங்க பேரு நிக்கும். ரெண்டு நாள் குடுங்க.”

“பேரை வச்சு என்ன சார், கல்வெட்டா வெட்டப் போறோம்?”

நண்பகலில் நிரலர் விசையைத் தட்டினார்; அத்தனை ஆண்டுப் பதிவும் ஒரே கமிட்டாய் அவர் பெயரில் சுருங்கியது. வீட்டு மடிக்கணினியில் மனைவியின் பழைய பிரதி உண்டென்பது ஒன்றே ஆறுதல். மாலையில் மேலாளரிடமிருந்து ஒரு தாள் வந்தது: பழைய பிரதி தம்மிடமோ தம் வீட்டிலோ இல்லையென ஒவ்வொருவரும் ஒப்பமிட வேண்டும். மற்றவர் படியாமலே ஒப்பமிட்டனர். இவர் தாளை மடித்து வீட்டுக்குக் கொணர்ந்தார்.

“கையெழுத்த போட்டுட்டு சும்மா இருங்களேன். வீட்டுக்குள்ள வந்து யாரு பாக்கப் போறா?” என்றார் மனைவி.

“நான் பாப்பேனே.”

அம்மையார் பழைய பிரதி இருந்த மடிக்கணினியைத் திறந்தார். பின் அதை அவர்பக்கம் திருப்பினார். “நீங்களே அழிங்க. வியாழக்கிழமை கேட்டா, எழுதினது நான்தான், பேரு மட்டும் எங்க வீட்டுக்காரரோடதுன்னு சொல்லிப் பாக்கறேன். சிரிக்காம கேட்டா சரி.”

அவர் அழித்தார், ஒப்பமிட்டார். மகளின் பால்குவளையைக் கழுவச் சென்றவர், குழாயைத் திறந்தபடியே நின்றார்.

வியாழன் இன்னும் வரவில்லை. இறைவா, பொய்யறியா நாவுடையார் வாழும் அவ்வீட்டில் ஒளி குன்றாதிருப்பதாக. சான்று கேளாமல் அவ்வம்மையாரின் சொல்லை ஏற்கும் ஒருவர், அந்த மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பாராக.