ஏழு மணி ஊசி

விசில் வாயில் இருக்கும்போது அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. இடது மணிக்கட்டைத் திருப்பி, வினாடி முள் பன்னிரண்டைத் தொடும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தொட்டதும் ஒரே ஊதல். ஓட்டுநர் பாதி டீயில் இருந்தாலும் கிளாஸை வைத்துவிட்டு வண்டியை எடுத்தாக வேண்டும்.

பேருந்து நிலையத்தில் அவர் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது புறப்பட்டது என்று தாளில் குறித்துக்கொண்டு, பத்தொன்பது வருடமாக அதே கூண்டில் உட்கார்ந்திருக்கிறார். வண்டியில் ஆள் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்குப் பொருட்டே இல்லை. "ஏறாதவங்களுக்காக வண்டி நிக்காது" என்பார். "ஒரு வண்டி நின்னா அடுத்த வண்டி கெடும், அதுக்கடுத்ததும் கெடும்." மனைவி தண்ணீர் பாட்டில் வாங்கப் போன இடைவெளியில், அவர் போக வேண்டிய வண்டியையே ஊதி அனுப்பியவர் இவர். அந்த மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்; அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவதுண்டு. அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன் என்ற சலுகை எனக்கும் கிடைத்ததில்லை. நான் மூச்சிரைக்க ஓடி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் ஊதுவார்.

இப்பேர்ப்பட்ட மனிதர் குழைந்து பேசுகிற ஒரே ஜீவன் ஒரு பூனை. ஐந்து வருடத்துக்கு முன்னால், பழுதான வண்டிக்கு மாற்றாக நிறுத்தி வைத்திருந்த ஸ்பேர் பஸ்ஸின் அடியில் கிடைத்த குட்டி. அதனால் அதன் பெயரும் ஸ்பேர். செம்பட்டை நிறம், தடித்த கழுத்து, முதலாளி நடை. "என்கிட்ட ஒரு நாளாவது இந்தக் குரல்ல பேசியிருப்பாரான்னு கேளு" என்பது அக்காவின் நிரந்தர மனு.

போன வருடம் ஸ்பேருக்கு அரிப்பு வந்தது. கழுத்தை ரத்தம் வரும்வரை பிறாண்டிக்கொண்டது. பக்கத்துத் தெரு மருத்துவமனையில் டாக்டரம்மா ஓர் ஊசி போட, இரண்டே நாளில் அரிப்பு நின்றது. ஒரு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. மறுபடி ஊசி. இது ஸ்டீராய்டு, போட்டுக்கொண்டே இருக்க முடியாது, உணவை மாற்றிப் பார்த்து எதனால் வருகிறதென்று கண்டுபிடிக்க வேண்டும் என்று டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொன்னார். இவர் கேட்டால்தானே. "ஒரு ஊசியில வண்டி ஓடுது, எதுக்கு டாக்டர் இன்ஜினைப் பிரிக்கணும்?" என்று மன்றாடியே ஐந்து ஊசி போட வைத்துவிட்டார்.

அப்புறம் ஸ்பேர் குளியலறை வாளியில் தலையை விட்டுத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. அது மூத்திரம் போகிற மணலை மாற்றி மாற்றி அக்காவின் இடுப்பு விட்டுப்போனது. மூன்று வேளை தின்றும் முதுகெலும்பு தெரிந்தது. மருத்துவமனைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். ரத்தச் சர்க்கரை நானூற்று முப்பத்திரண்டு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் என்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். கொண்டுவந்தது அந்த அரிப்பு ஊசிதான் என்று டாக்டர் சொன்னபோது, ஊசிக்காக மன்றாடியவரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனிமேல் ஸ்டீராய்டு கிடையாது, அரிப்புக்கு உணவு மாற்றம், சர்க்கரைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இன்சுலின். டாக்டர் இன்னும் நிறையச் சொன்னார். மருந்தால் வந்த சர்க்கரை என்பதால் மெல்லப் போய்விடவும் கூடும்; எண் இறங்க இறங்க ஊசியையும் குறைக்க வேண்டும்; பூனை சாப்பிடவில்லை என்றால் ஊசி போடாமல் தனக்குப் போன் செய்ய வேண்டும். இவர் காதில் நன்றாக விழுந்தது பன்னிரண்டு மணி நேரம் என்ற ஒன்றுதான். அது அவருக்குத் தெரிந்த பாஷை.

மறுநாளே மாலை வேலையை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டார். காலையும் மாலையும் ஆறு ஐம்பதுக்கு ஸ்பேரை மடியில் வைத்து, காதைத் தேய்த்துச் சூடாக்கி, விளிம்பில் ஊசி முனையால் ஒரு குத்து. துளி ரத்தம், மீட்டர், எண். பிறகு தட்டில் சாப்பாடு. மணி ஏழு அடிக்கும்போது பிடரித் தோலைத் தூக்கி ஊசி. முதல் வாரம் தண்ணீர் நிரப்பிய ஊசியை ஸ்பாஞ்சில் குத்திக் குத்திப் பழகினார். அப்புறம் போட்டதே பூனைக்குத் தெரியாது. டெப்போவிலிருந்து கொண்டுவந்த பழைய தாளின் பின்பக்கத்தில் தேதி, நேரம், எண் எல்லாம் ஏறின. நேரம் எழுதும் கட்டத்தில் ஏழு தவிர வேறு எதுவும் கிடையாது.

எண் இறங்கிக்கொண்டே வந்தது. முந்நூற்றுப் பத்து, இருநூற்று நாற்பது, நூற்று அறுபது. ஒரு மாலை நூற்றுப் பன்னிரண்டு. அன்று மாடியேறி வந்து தாளை நீட்டினார். அவர் மாடிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. "லைனுக்கு வந்துட்டான். டைமுக்குப் போட்டா எந்த வியாதியும் அடங்கும்" என்றார். நானும் கையைப் பிடித்துக் குலுக்கினேன். இறங்கிவிட்ட எண்ணுக்கு ஏன் அதே அளவு ஊசி என்று கேட்கிற புத்தி இரண்டு பேருக்கும் இல்லை. இப்போது நினைத்தாலும் என் கை கூசுகிறது.

மறுநாள் காலை நடந்ததை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். ஸ்பேர் தட்டை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிட்டது. காதில் இரண்டு தடவை குத்தியும் துளி வரவில்லை. மணி ஆறு ஐம்பத்தொன்பது. "இன்னும் சாப்பிடலையே" என்றார் அக்கா. "ஏழாச்சு" என்றார் அவர். அப்புறம் தின்றுகொள்ளும் என்று சொல்லி, ஊசியைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

பத்து மணிக்கு மேல் அக்கா படிக்கட்டிலிருந்து என்னைக் கூப்பிட்ட குரல் அவர் குரலாகவே இல்லை. சமையலறைத் தரையில் ஸ்பேர் பக்கவாட்டில் கிடந்தது. கால்கள் நான்கும் எங்கோ ஓடிக்கொண்டிருந்தன. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. நான் கல்லாய் நின்றுவிட்டேன். அக்காதான் டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்னபடி விரலில் தேனைத் தொட்டு ஈறில் தடவினார். துண்டில் சுற்றிக்கொண்டு ஓடினோம்.

வழியில், நிலையத்தில் இருந்த அவருக்குப் போன் செய்தேன். நான் சொல்லி முடித்தபிறகு மறுமுனையில் ஏதோ ஒரு வண்டியின் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பத்து இருபதுக்குப் புறப்பட வேண்டிய வண்டி ஊதலுக்காகக் காத்திருந்ததாம். அதன் ஓட்டுநர் பிற்பாடு சொன்னார்: விசில் வாயிலிருந்து நழுவிக் கயிற்றில் தொங்க, மனிதர் கூண்டைத் திறந்துபோட்டுவிட்டு வண்டியைத் தாண்டி நடந்து போனாராம். நிலையத்தில் இருந்தவர்கள், வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தார்களாம். வண்டி பதினோரு நிமிடம் தாமதம்.

அவர் வந்து சேர்ந்தபோது ஸ்பேரின் முன்னங்காலில் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேரைக் கொண்டுவந்த உடனே பார்த்த சர்க்கரை முப்பத்தொன்று. டாக்டர் தாளை வாங்கி மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். பிறகு சாதாரணக் குரலில் சொன்னார்: "சர்க்கரை இவனை விட்டுப் போய் நாலஞ்சு நாள் ஆகியிருக்கும். போன வியாதிக்கு நீங்க ஊசி போட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க."

நோயால் விழுந்த பூனையைக்கூட நான் ஏற்றுக்கொண்டிருப்பேன். குணமானதால் விழுந்த பூனையை என்ன செய்வது?

"டைம் தவறாமத்தானே டாக்டர் போட்டேன்" என்றார் அவர்.

நான் அப்பவே சொன்னேன் என்று அக்கா ஒரு வார்த்தை கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அவர் கணவரின் சட்டைக் கையில் ஒட்டியிருந்த செம்பட்டை மயிரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த மனிதர்மேல் கோபம் கோபமாக வந்தது. அக்காவின் அந்த இரண்டு கையையும் பார்த்ததும் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து ஸ்பேர் வீட்டுக்கு வந்தது. இப்போதைக்கு ஊசி வேண்டாம். காலை மாலை எண்ணைப் பார்க்க வேண்டும். ஏறினால் தெரிவிக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், தானாகச் சாப்பிட வேண்டும். மருத்துவமனையில் ஊட்டித்தான் விட்டிருந்தார்கள். நாளைக் காலையும் தட்டைத் தொடவில்லை என்றால் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

மறுநாள் காலை நான் கீழே இறங்கியபோது சமையலறையில் தட்டுக்கு ஒரு பக்கம் ஸ்பேர், மறுபக்கம் சீருடையோடு அவர், இரண்டும் தரையில். சுவர்க் கடிகாரம் ஏழைத் தாண்டியது. ஸ்பேர் பாதத்தை நக்கியது. வாலை ஒழுங்குபடுத்தியது. தட்டின் விளிம்பை முகர்ந்தது, நிமிர்ந்து கதவைப் பார்த்தது. அக்கா அடுப்படியில் கரண்டியைக்கூட அசைக்காமல் நின்றார். ஏழு பத்துக்கு அவர் வாசல் தாண்டாத நாளை நான் பார்த்ததில்லை. இப்போது ஏழு பதினான்கு.

"அண்ணே, டூட்டிக்கு நேரமாச்சே" என்றேன், மெதுவாகத்தான்.

பூனையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வலது உள்ளங்கையால் இடது மணிக்கட்டுக் கடிகாரத்தை மூடிக்கொண்டார்.