ஆர்சியில் இல்லாத சக்கரங்கள்

கேரளத்துப் பாறசாலைக்குக் குடிவந்த நாள்முதல் யாராவது ஒருவர் என்னைக் கேட்டுவிடுகிறார்: "நாட்டில் போணில்லே?" ஊருக்குப் போகவில்லையா என்றுதான். பொழியூரிலிருந்து மீன் கொண்டுவருகிற சேச்சி கேட்கிறார். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற சார் கேட்கிறார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவனை விசாரிப்பதுபோல அவ்வளவு அக்கறை. என் நாடு எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக் களியக்காவிளை. பஸ் ஏறி டிக்கெட்டுக்குச் சில்லறை தேடுவதற்குள் வந்துவிடும். முதலில் சிரித்துக்கொண்டேன். இப்போது எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் என்னால் போக முடியவில்லை.

எனக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு கால்களும் போய்விட்டன. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டிய ஸ்கூட்டர்தான் என் கால். களியக்காவிளையில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் மனைவி பிரீதாவுக்குக் கேரளப் பக்கம் நெய்யாற்றின்கரையில் நர்ஸ் வேலை. இரவு ஷிப்ட் முடிந்து அவள் வந்துசேரும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் சொன்னேன், அந்தப் பக்கமே வீடு பார்ப்போம், நான் வண்டியில் கடைக்கு வந்துபோகிறேன் என்று. எல்லை என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்கிற சங்கதி என்று நினைத்தேன். எல்லையோரத்தில் பிறந்தவனுக்கு எல்லை கண்ணில் படாது, அதுதான் வினை.

சாமான் ஏற்றிய அன்றைக்கே அது கண்ணில் பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டு டெம்போக்காரர் எல்லையில் வண்டியை ஓரம்கட்டி, அந்தப் பக்கம் பெர்மிட் இல்லை என்று கைவிரித்துவிட்டார். கட்டில், பீரோ, கிரைண்டர், பாத்திர மூட்டை எல்லாம் நடுரோட்டில் இறங்கிக் கேரள டெம்போவில் ஏறின. கட்டிலின் ஒரு கால் அங்கேயே ஒடிந்தது. நான் மட்டும் ஸ்கூட்டரில் ராஜா மாதிரி முன்னால் போனேன். என்னை ஒருவரும் நிறுத்தவில்லை.

சில மாதம் கழித்துத்தான் கேரளப் போக்குவரத்து அதிகாரிகள் நிறுத்தினார்கள். இங்கேயே குடியிருப்பதால் வண்டிக்குக் கேரள நம்பர் வாங்க வேண்டுமாம். மரியாதையாகத்தான் சொன்னார்கள். நல்ல குடிமகனாக தமிழ்நாட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டு, கேரளப் பக்கம் வண்டிகளைப் பரிசோதிக்கும் மைதானத்துக்கு வண்டியை ஓட்டிப்போனேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார், ஆர்சி புத்தகத்தைப் பார்த்தார், மறுபடியும் குனிந்தார்.

"ஆர்சியில் ரண்டு வீலாணு. இதில் நாலு உண்டல்லோ?"

"எனக்க காலு ரெண்டும் வேல செய்யாது சார். அதாக்கும் கணக்கு," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. என் தமிழ் அவருக்குப் புரிந்ததா, நான் எகத்தாளம் பேசுவதாக நினைத்தாரா தெரியாது. தப்பு எங்கள் மேல்தான். பழைய வண்டி செத்தபோது அதன் பக்கச் சக்கரங்களைக் கழற்றி, மெக்கானிக் ஜஸ்டின் இந்தப் புது வண்டியில் மாட்டினான். பள்ளிக்கூட நாளிலிருந்தே என் கூட்டாளி அவன். ஆர்சியில் அதைப் பதிய வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கம் ஒருவரும் கேட்டதுமில்லை. அங்கே போய் இப்போது பதிந்து தாருங்கள் என்றால், நீங்கள்தான் எழுதி வாங்கிவிட்டீர்களே, வண்டி இனி எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். இங்கே கேட்டால், புத்தகத்தில் உள்ளபடி வண்டியைக் கொண்டுவா, முதலில் நம்பர், பிறகு சக்கரத்துக்குத் தனி மனு, தனிப் பரிசோதனை என்றார்கள். இரண்டு பேர் சொன்னதும் சட்டப்படி சரிதான். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஜஸ்டின் களியக்காவிளையில் தன் பட்டறையில் வைத்துச் சக்கரங்களைக் கழற்றினான். அவனே வண்டியை மைதானத்துக்கு ஓட்டிவந்து காட்டினான். நான் மரத்தடியில் ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருந்தேன். என் வண்டியை இன்னொருவன் ஓட்டி, எட்டுப் போட்டுத் திரும்புவதை அன்றைக்குத்தான் பார்க்கிறேன். நம்பர் கிடைத்தது. சக்கர மனு இன்னும் கிடக்கிறது. வண்டி வந்தால் பரிசோதிப்பவர் லீவு, அவர் வந்தால் இன்னொரு சான்றிதழ் குறைவு. அதுவரை மாட்டி ஓட்டினால் என்ன என்று ஒருநாள் வெடித்தேன். "ஒண்ணு ஆச்சுண்ணா இன்சூரன்ஸ் கிட்டாது. பொறவு நான் என்ன செய்ய?" என்றாள் பிரீதா. அவளோடு என்ன சண்டை போட முடியும்?

இப்போது கடைக்குப் போவதென்றால் கேரள ஆட்டோ எல்லைவரை. அதற்குமேல் ஆட்டோக்காரரும் வரமாட்டார். ஒருவர் அக்குளில் கைகொடுத்து இறக்க, இன்னொருவர் தமிழ்நாட்டு ஆட்டோவில் தூக்கி ஏற்ற, அன்றைக்குக் கட்டிலை மாற்றியதுபோல என்னையும் நடுரோட்டில் மாற்றுகிறார்கள். நல்ல மனுஷர்கள், முகம் சுளிப்பதில்லை. எனக்குத்தான் உடம்பு கூசுகிறது. பல நாள் கடையைத் திறப்பதில்லை. மூத்திரப்பை நிறைந்தால் யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துத் தண்ணீரே குடிக்காமல் இருந்த வாழ்க்கையை அந்த ஸ்கூட்டர்தான் முடித்துவைத்தது. அந்த வாழ்க்கை மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. எல்லை தாண்டி வந்தவர்களே, உங்களுக்கு வேறு கஷ்டங்கள் இருக்கும். எனக்கு இந்த வாசற்படிதான் கஷ்டம்.

வண்டி சும்மா நிற்கவில்லை. பிரீதா அதில்தான் வேலைக்குப் போகிறாள். நல்ல வண்டி, சொன்னபடி கேட்கிறது என்கிறாள். புது நம்பரைப் பார்த்த பக்கத்து வீட்டு சார், இனி நீங்கள் நம்ம ஆளல்லவா என்று என் கையைக் குலுக்கினார்.

நேற்றுக் காலை ஜஸ்டின் போன் பண்ணினான். பிரீதா வெளியே ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"மக்கா, ஒனக்க வீலு ரெண்டும் இங்க சும்மாதான கெடக்கு. வெள்ளறடையில உள்ள ஒரு ஆளு கேக்கான். அவனுக்கும் காலு இல்ல. குடுக்கட்டா?"

கொடுத்தால் அவன் நாளைக்கே வெளியே போவான். அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் சொன்னேன்:

"குடுக்காத எலே. ஆரு கேட்டாலும் குடுக்காத. எனக்க காலாக்கும் அது, அங்க கெடக்கட்டு."

வெளியே என் ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பி, சந்து திரும்பி, நெய்யாற்றின்கரைப் பக்கம் போனது.