பதினெட்டாம் பக்கம்

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் என் அச்சகத்தில் பதினோரு வருஷமாகத் தட்டச்சு பார்ப்பவள் தாஹிரா. தமிழ் அடிக்கும் வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு இல்லாத கர்வம் வேறு யாருக்கு? அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் தப்பையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

1999-ல் அல்போன்சா சிஸ்டர் ஒரு கையெழுத்துப் பிரதியோடு வந்தார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவர். பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் வீட்டில் என்ன செய்வது, எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்று நாற்பது பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

அச்சுத் தகடு எடுப்பதற்கு முதல் நாள், பக்கங்களை எடுத்து வைத்திருந்த டிரேசிங் தாளைப் பார்த்த சிஸ்டர் பதறிவிட்டார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு என்று இருக்க வேண்டியது தலைகீழாக விழுந்திருந்தது. ஒரு வரிக்காக முழுத் தாளையும் மறுபடி எடுப்பானேன் என்று, கடைசி நேரத் திருத்தத்தை எல்லாரும் எப்படிச் செய்வார்களோ அப்படியே செய்தோம். தாஹிரா அந்த வரியை மட்டும் தனியாக அடித்துக் கொடுத்தாள். நான் தப்பான வரியைப் பிளேடால் வெட்டி எடுத்துவிட்டு, சரியானதை செலோடேப்பில் ஒட்டினேன். புத்தகம் சுத்தமாக வந்தது. கம்ப்யூட்டருக்குள் இருந்த பக்கம் மட்டும் பழைய தப்போடு அப்படியே கிடந்தது. அதை நாங்கள் இரண்டு பேருமே மறந்துபோனோம்.

2006-ல் அச்சகத்துக்கு இன்டர்நெட் வந்தது. புத்தகங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு மின்னஞ்சல் குழுவில் தாஹிரா சேர்ந்தாள். சிஸ்டரின் புத்தகம் தீர்ந்துபோய் நாலு வருஷம் ஆகியிருந்தது, கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றுகூட இல்லை. பழைய சி.டி.யைத் தேடி எடுத்து பி.டி.எஃப். ஆக்கிக் குழுவில் போட்டுவிட்டாள்.

"சிஸ்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றேன்.

"கேட்டா வேணாம்னா சொல்லப் போறாங்க? இதுவும் ஒரு சதகாதாண்ணே. நம்ம கைக்காசு போகாம நாலு பேருக்குத் தர்மம்."

நியாயமாகத்தான் பட்டது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருஷம் கார்த்திகை மாசம், மழை விட்ட ஒரு காலையில் சிஸ்டர் அச்சகத்துக்குள் வந்தார். கையில் ஜெராக்ஸ் எடுத்த புத்தகம். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் சுமைதூக்குகிறவர்கள் சங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் செழியன் என்பவர், இணையத்திலிருந்து எடுத்து அறுபது பிரதி போட்டு, சங்கத்து ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கெல்லாம் கொடுத்திருக்கிறார். சிஸ்டருக்கும் மரியாதையாக ஒன்றைத் தபாலில் அனுப்பியிருந்தார்.

"இத யாரு வெளிய விட்டது?"

"நாந்தான் சிஸ்டர்!" தாஹிராவின் முகமெல்லாம் சிரிப்பு.

"பதினெட்டாம் பக்கத்தப் படி."

படித்தாள். இரண்டாவது வரியில் குரல் நின்றுவிட்டது. எனக்கு அந்த பிளேடும் செலோடேப்பும்தான் கண் முன்னால் வந்தன.

செழியனுக்கு போன் போட்டோம். "நம்ம லைன் வீட்ல பாதிக் கொழந்தைகளுக்கு வயித்தால போகுதுங்க. நல்லவேளை, உங்க புஸ்தகம் இருக்குது. அதப் பாத்துத்தானுங்க கலக்கிக் குடுக்கறாங்க" என்றார்.

சிஸ்டர் போனை வாங்கிச் சொன்னார்: "தம்பி, அத்தனை புத்தகத்தையும் இப்பவே பிடுங்குங்க. யாரும் ஒரு சொட்டுக் குடுக்கக் கூடாது."

அடுத்த பஸ்ஸில் மூன்று பேரும் ஏறினோம். வழியெல்லாம் காய்கறி லாரி. தாஹிரா வாய்க்குள் துஆ ஓதிக்கொண்டே வந்தாள்.

மார்க்கெட் வாசலில் செழியன் சாக்கோடு நின்றார். ஐம்பத்தெட்டுப் பிரதி சேர்ந்திருந்தது. சிஸ்டரின் கையில் இருந்தது ஒன்று. மிச்சம் ஒன்று அங்காளம்மாள் என்ற பெண்ணிடம். "வீடு பூட்டிக் கெடக்குதுங்க. புள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிருச்சாம்."

நாங்களும் ஓடினோம். கட்டிலில் ஒன்றரை வயசுப் பெண் குழந்தை, கையில் டிரிப். பக்கத்தில் அங்காளம்மாள், மடியில் எங்கள் புத்தகம். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் அவள் புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தாள்.

"நானும் வாயில வெச்சுப் பார்த்தேனுங்க. ஒரே கரிப்பு. புள்ள துப்பித் துப்பி அழுதுச்சு. நர்சம்மா எழுதுன புஸ்தகம் தப்பா இருக்குமான்னு கையப் புடிச்சுக்கிட்டு இன்னும் நாலு கரண்டி ஊட்டிட்டேன்."

குழந்தை கண் விழித்துத் தாயைத் தேடியது சாயங்காலம்தான். இனி பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகே எனக்கு உயிர் வந்தது.

வெளி பெஞ்சில் தாஹிரா அழுதாள். "காசுக்காகச் செய்யல சிஸ்டர்."

"நான் காசு கேட்டேனா?" சிஸ்டர் அவ்வளவு கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "எடுத்துக் குடுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனா குடுக்குறதுக்கு முன்னால ஒரு தடவ படிச்சுப் பாத்திருப்பேன். கேக்குறது அதுக்குத்தாம்மா."

தாஹிரா திருத்திய புத்தகத்தைக் குழுவில் போட்டாள். ஆனால் பழையது அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது. கண்ணில் பட்ட ஒவ்வொரு தளத்துக்கும் எழுதினாள். சிலர் மாற்றினார்கள். ஒரு மகராசன் அவள் கடிதத்தை முழுசாகப் படிக்கக்கூட இல்லை. 'அறிவைப் பூட்டி வைக்க நினைக்காதீர்கள்' என்று பதில் போட்டான். அவனை இன்றைக்குப் பார்த்தாலும் நாலு அறை விடுவேன்.

பழையதோ திருத்தியதோ, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எங்கள் அச்சகத்தின் போன் நம்பர் இருக்கிறது. அதனால் போன் அடித்தால் தாஹிராதான் ஓடிப்போய் எடுப்பாள், என்னை எடுக்க விடமாட்டாள். மூன்று வருஷமாக இதே கதைதான்.

போன வாரம் ஒரு வாத்தியார், எங்கோ கடலூர்ப் பக்கமிருந்து. வெள்ளம் வடிந்த ஊராம். "ரொம்ப உபயோகமான புத்தகங்க. நூறு காப்பி எடுத்து வீடு வீடாக் குடுத்துட்டோம். ஒரு நன்றி சொல்லலாம்னு கூப்பிட்டேன்." ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"சார், பதினெட்டாம் பக்கத்தத் திறங்க" என்றாள் தாஹிரா. "ஆறு டீஸ்பூன்னு எதுக்குப் போட்டிருக்கு?"

தாள் புரளும் சத்தம் கேட்டது. அவள் என் மேஜையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உப்புங்கம்மா" என்றார் வாத்தியார்.