தட்டாமல் எழுதிய அளவு

புதுப் பாலம் முதல் சோதனையில் தோற்றுவிட்டதாம். முள்ளுக்காரர் கைக்கு ஏதோ போனதும் இரண்டாவது சோதனையில் தேறிவிட்டதாம். பணம் வேனில் வந்தது என்றார் முடிதிருத்துபவர். சைக்கிள் கூடையில் வந்தது என்றார் மருந்துக்கடைக்காரர். வாகனத்தில்தான் கருத்து வேறுபாடு, வாங்கினதில் இல்லை. இவ்வளவு உறுதியான செய்தியைச் சும்மா விடக்கூடாதென்று கிளம்பி விசாரித்ததில் கிடைத்தது வேறு கதை.

முள்ளுக்காரர் பாலத்துறையின் சோதனை ஊழியர். ஐம்பத்து நாலு வயது. மேலே சுமை ஏற்றும்போது அடியில் சாரத்தில் உட்கார்ந்து, உத்தரத்தைத் தொட்டபடி இருக்கும் டயலின் முள்ளைப் பார்த்து, பாலம் எவ்வளவு தாழ்ந்தது, எவ்வளவு எழுந்தது என்று எழுதுவது அவர் வேலை.

பாலம் தாங்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் உண்டு. மேலே ஓடும் வண்டிகள், அவை பிரேக் போட்டால் வரும் இழுப்பு, காற்று, வெயில், ஆற்று நீரின் தள்ளல். திறப்பு விழா மேடையில் ஏறுகிற கூட்டம் பட்டியலில் இல்லை. அதை வண்டிக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். எல்லாவற்றிலும் பெரிய சுமை பாலத்தின் சொந்த எடைதான், அதை யாரும் நினைப்பதில்லை என்பார் முள்ளுக்காரர். சொல்லும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. நான்கு மாதமாக எதைச் சொன்னாலும் அப்படித்தான். பதினோரு வருடம் படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவி போய் நான்கு மாதம். அழுதாரா என்று கேட்டால், “அன்னிக்குத் தெருமுனைக்குத் தண்ணி லாரி வந்துச்சு, பிடிச்சு வெச்சேன்” என்கிறார்.

முதல் சோதனையில் மணல் லாரிகள் ஒரு நாள் முழுக்கப் பாலத்தின் நடுவில் நின்றன. பாலம் எட்டு மில்லிமீட்டர் தாழ்ந்தது. தாழ்வதில் தப்பில்லை. லாரிகள் போய் ஒரு நாள் கழித்து, ஆறு மில்லிமீட்டராவது மேலே வந்திருக்க வேண்டும். சுமந்ததற்கு மார்க் கிடையாது, எழுந்ததற்குத்தான். முள் ஐந்தே முக்காலில் நின்றது. எழுதினார்.

“கால் மில்லி குறையுதே. தட்டிப் பாத்தீங்கல்ல?” என்றார் எஞ்சினியர்.

“ம்.”

டயல் முள் சில நேரம் சோம்பேறி. ஒட்டிக்கொண்டு நிற்கும். கண்ணாடியில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டினால்தான் உண்மையான இடத்துக்குப் போகும். முப்பது வருடக்காரரிடம் இதைக் கேட்பது, சமையல்காரரிடம் அடுப்பைப் பற்றவைத்தீரா என்று கேட்பது மாதிரி. “ம்” போதுமானதாக இருந்தது.

கான்ட்ராக்டர் போனில் கத்தினார். “யோவ், உன் கண்ணைச் சோதனை பண்ணுய்யா! பாலத்தை இடிக்கச் சொல்லிடுவாங்க. நான் நடுத்தெருவுக்கு வந்துடுவேன்!”

“சரிங்க” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் எதிர்வீட்டு நர்ஸ் வந்தாள். படுக்கைப் புண் வராமலிருக்க, மோட்டார் வைத்த காற்று மெத்தை ஒன்றை முள்ளுக்காரர் மனைவிக்காகக் கொடுத்திருந்தவள்.

“அண்ணே, அந்த மெத்தை... பின் தெருப் பெரியவர் படுக்கையில விழுந்துட்டாரு. அவசரமில்ல, ஆனா அவசரம்தான்.”

“நாளைக்குத் தரேம்மா.”

“போன மாசமும் நாளைக்குத்தான். உங்க நாளைக்கு எந்தக் காலண்டர்லண்ணே இருக்கு?”

சொல்லிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆளில்லாத மெத்தை உப்புவதும் தணிவதுமாக இருந்தது. குரல் இறங்கிவிட்டது.

“அண்ணியத் திருப்பிப் போடுறதுக்கு முன்னாடி தோள்ல ரெண்டு தட்டுத் தட்டுவீங்க. ஒருநாள்கூட அப்படிச் செய்யாம தொட்டதில்ல. ஆஸ்பத்திரியில நாங்களே மறந்துடுவோம்.”

முள்ளுக்காரர் தன் வலது கையைப் பார்த்தார். காலையில் அந்தக் கை பென்சிலைப் பிடித்தது. தட்டவில்லை.

முள்ளைத் தட்டாமல் எழுதிவிட்டதை மறுநாள் எஞ்சினியரிடம் சொன்னார்.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டீங்க. இப்போ தப்புன்னா மெமோ வரும், தெரியும்ல? பேசாம இப்போ போய்த் தட்டிட்டு வாங்க.”

“இப்பத் தட்டினா இன்னிக்கு அளவுதான் சார் வரும். நேத்து அளவு போயிடுச்சு.”

தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்தார். பயப்படவில்லை, பயப்படக்கூட ஏதாவது உள்ளே வேண்டுமே.

மறுபடி மணல், லாரி, சாரம். ஒவ்வொரு தடவையும் தட்டினார். எட்டு தாழ்ந்தது, ஆறேகால் எழுந்தது. கான்ட்ராக்டர் ஓடிவந்து, “தெய்வம்யா நீ!” என்று கட்டிக்கொண்டார். வேடிக்கை பார்த்தவர்களில் முடிதிருத்துபவரும் ஒருவர். வேன் அங்கிருந்துதான் புறப்பட்டிருக்கிறது.

முள்ளுக்காரருக்கு வந்தது மெமோவும், ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தமும்தான். வதந்தியைச் சொன்னபோது, “எங்க தெருவுல வேன் திரும்பாதே” என்றார்.

பின் தெருப் பெரியவருக்கு நர்ஸ் வேறெங்கோ ஒரு மெத்தை பிடித்துக் கொடுத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை முள்ளுக்காரர் மோட்டாரை நிறுத்தினார். காற்று இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மடித்து, நர்ஸிடம் கொடுக்க வாசல் நாற்காலியில் வைத்திருக்கிறார். தெரு ஏழடி அகலம். எதிரே நர்ஸ் வீடு. நேற்றுப் பார்த்தபோதும் மெத்தை நாற்காலியில்தான் இருந்தது.