அக்காவின் பல்செட்

ஊரில் பாதிப் பேர் மென்று தின்பது பல்செட்காரரின் கைவேலையால்தான். டாக்டர் அளவெடுத்து அனுப்பினால் போதும், சொன்ன நாளுக்கு முன்பே பல் தயார். அவருடைய கூடப்பிறந்த அக்கா மட்டும் மாதக்கணக்கில் கரைத்ததையும் மசித்ததையும் விழுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய தாடை அச்சு அவர் மேசையிலேயே தூசி படிந்து கிடந்தது. அநியாயமா இல்லையா?

அச்சை எடுப்பார். உடனே மேசையைத் துடைக்கத் தோன்றும். அப்புறம் அரங்களை அடுக்கத் தோன்றும். "சோம்பேறி, நன்றிகெட்டவன்" என்று தன்னையே வறுத்தெடுப்பார். திட்டத் திட்டக் கை இன்னும் மரத்துப்போகும்.

ஒருநாள் வீட்டிலும் இதே புலம்பல். மனைவி போனில் யாரோ தாவோ என்கிற சீனத் தத்துவம் பற்றிப் பேசுவதைக் கேட்டபடி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏங்க, எதையும் முட்டித் தள்ளாம தண்ணி மாதிரி போகணுமாம்."

"நான் தண்ணி மாதிரி போயிட்டா பல்லை யாரு வைக்கிறது?"

"பல்லைப் பதிக்கிற மெழுகை வெந்நீர்ல இளக வைக்கிறீங்கல்ல? இறுகிக் கிடக்கும்போது அமுக்கினா விரிசல் விட்டுடும்னு நீங்கதானே சொல்வீங்க. உங்களை மட்டும் ஏன் போட்டு அமுக்கறீங்க?"

அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் கடையில் அச்சை எடுத்தார். கை வழக்கம்போலத் துணியைத் தேடிப் போனது. இந்தமுறை திட்டவில்லை. 'எதுக்குடா ஓடறே?' என்று தன்னையே வேடிக்கை பார்த்தார். சோம்பலா? இல்லையே, ஊர் வேலையெல்லாம் நடக்கிறதே. பயமா? பயம்தான். எதற்கு? சும்மா உட்கார்ந்திருந்தார். அடடா, இதுவா சங்கதி! பல்செட் ஈறில் குத்தினாலும் அக்கா சொல்ல மாட்டாள். அம்மா இல்லாத வீட்டில் அவரை வளர்த்தவள், ஒருநாளும் அவரைக் குறை சொன்னதில்லை. வலியை மறைத்து "பிரமாதம்டா" என்று சொல்லிவிட்டுக் காலமெல்லாம் பொறுத்துக்கொள்வாள். இது புரிந்ததும் தன்மேல் இருந்த கோபம் போய்ப் பாவமாக இருந்தது. மெழுகை வெந்நீரில் போட்டார்.

பல்செட் தயாரானதும் அக்காவை வரவழைத்து, உடைத்தே சொன்னார்: "குத்தினா குத்துதுன்னு சொல்லணும்க்கா. நீ பொறுத்துப்பேன்னு பயந்துதான் இத்தனை நாளா தொடவே இல்லை."

"அட மடையா, அதுக்கா என்னைக் காயப்போட்டே?"

மாட்டிக்கொண்டு மென்று பார்த்தாள். "நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"இடது பக்கம் உயிர் போகுதுடா. இத்தனை வருஷமா பல் செய்யறே, இதுகூடத் தெரியலையா உனக்கு?"

அவர் பிறந்ததிலிருந்து தம்பி வேலையில் அவள் சொன்ன முதல் குறை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே அரத்தை எடுத்தார்.

"இன்னும் எங்கெல்லாம் குத்துது, சொல்லுக்கா."