கலியாணக் கார் கொதித்த காலை

எங்கள் அப்பாவுக்குப் பெருமைப்பட்டுக்கொள்ள ஏதாவது ஒன்று எப்போதும் வேண்டும். அக்காவுக்குக் கலியாணம் நிச்சயமான வருஷம் அது ஒரு கறுப்புக் காராக இருந்தது. சுதந்திரம் வந்த கையோடு கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து பெங்களூர் தண்டு என்கிற கண்டோன்மென்ட் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒருவர் வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த கார். அப்பா அதைத் துடைக்கும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது.

ஊருக்குள் ஓடும்வரை அது சாது. அல்சூர் ஏரிக்குப் போய்வரும், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போய்வரும். கொஞ்ச தூரம் கூடினாலோ, ஒரு மேடு வந்தாலோ, முன்னால் உள்ள சூடு காட்டும் முள் சிவப்புப் பக்கம் சாய்ந்து, ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி கிளம்பிவிடும். சிவாஜிநகர் மிஸ்திரி ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவினார். அடுத்த வாரம் ரப்பர் குழாய்களை மாற்றினார். அதற்கடுத்த வாரம் விசிறி பெல்ட்டை மாற்றினார். கார் மட்டும் மாறவில்லை. கார் விஷயத்தில் எல்லாம் தெரிந்தவரான எங்கள் தாய்மாமா, இங்கிலாந்துக் குளிருக்குச் செய்த வண்டிக்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் கண்டுபிடித்தார். பெங்களூர் வெயிலைப் பற்றி அப்படிக் குற்றம் சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

வீட்டில் இதைப் பற்றிப் பேசாத ஒரே ஆள் அத்தை. அப்பாவின் தங்கை. கலியாணம் ஆகவில்லை. தண்டில் ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். மற்ற எதிலும் அத்தைக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு: குழம்பில் புளி, சாமியாரின் பிரசங்கம், என் தலைவகிடு, மாமாவின் மீசை. எதையும் உரக்கச் சொல்லிவிடுவாள். காரைப் பற்றிய பேச்சு வந்தால் மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள். ஒரே ஒரு நாள், "உள்ள தண்ணி ஓடுதான்னு பாத்தாங்களாண்ணா?" என்று கேட்டாள். அப்பா நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அத்தை மறுபடி குனிந்து மீன் முள்ளை எடுக்கத் தொடங்கினாள்.

மாப்பிள்ளை வீடு கோலார் தங்கவயலில். கலியாணப் பூசையும் அங்கேயே கோவிலில் என்று ஏற்பாடு. அம்மாவும் மற்ற சொந்தக்காரர்களும் முதல் நாளே ரயிலில் போய்விட்டார்கள். பெண் மட்டும் காரில்தான் வந்து இறங்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அம்மா மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டு ரயிலேறினாள்.

அது தபசுகாலம் என்கிற நாற்பது நாள் நோன்புக்கு முந்தைய வாரம். தபசு தொடங்கிவிட்டால் பாஸ்கு என்கிற ஈஸ்டர் முடியும்வரை கலியாணம் கிடையாது. பூசையும் அந்தக் காலத்தில் மத்தியானத்துக்கு முன்னால்தான். பூசையில் நற்கருணை அப்பம் வாங்க வேண்டியவர்கள் நள்ளிரவிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். ஆகவே விடியுமுன் கிளம்பிய காரில் வெள்ளைப் பட்டும் தலையில் முக்காடுமாக, உதடு காய்ந்துபோய் அக்கா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் அத்தை. நடுவில் ஒன்பது வயசான நான், பூக்கூடைப் பெண், கழுத்தை உறுத்தும் புது கவுனோடு. என் மடியில் அட்டைப்பெட்டியில் கலியாணக் கேக். முன்னால் அப்பா ஓட்ட, மாமா வழி சொன்னார். வழி ஒன்றுதான், நேர் ரோடு.

ஹொசகோட்டை ஏரியைத் தாண்டும்வரை அப்பா சீட்டியடித்துக்கொண்டு வந்தார். அப்புறம் ஒரு நீண்ட மேடு வந்தது. சீட்டி நின்றது. முள் சாய்வதை நான் பின்னாலிருந்தே பார்த்தேன். பாதி மேட்டில் கார் பெருமூச்சு விட்டு நின்றது. முன்பக்கம் முழுவதும் வெள்ளை ஆவி.

இரண்டு பக்கமும் கேழ்வரகு அறுத்த வயல். ஒரு புளியமரம். தூரத்தில் ஒரு கிணறு. அந்த நேரத்தில் அந்த ரோட்டில் பஸ்ஸும் இல்லை, லாரியும் இல்லை. அக்கா முக்காட்டுக்குள் அழத் தொடங்கினாள். அப்பா இறங்கி, கையை இடுப்பில் வைத்து, காரைப் பார்த்தபடி நின்றார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கிணற்றுப் பக்கமிருந்து ஒரு விவசாயி குடத்தோடு வந்தார். "ஏனாயித்து? நீரு பேக்கா?" என்ன ஆச்சு, தண்ணீர் வேண்டுமா என்று கன்னடத்தில் கேட்டார். மாமா பாய்ந்துபோய்க் குடத்தை வாங்கி, தன் கோட்டைக் கழற்றி ரேடியேட்டர் மூடியைச் சுற்றிப் பிடித்துத் திறக்கப் போனார்.

"வைங்க அதை." அத்தையின் குரல். "தொடாதீங்க."

மாமா திரும்பிப் பார்த்தார். அத்தை ஏற்கெனவே காரைவிட்டு இறங்கியிருந்தாள்.

"இப்ப மூடியைத் திறந்தா உங்க மூஞ்சி வெந்துபோகும். பச்சைத் தண்ணிய ஊத்தினா எஞ்சின் வெடிக்கும். அப்புறம் நாம எல்லாரும் ரயிலு தேடி நடக்கவேண்டியதுதான்." விவசாயியிடம் கன்னடத்தில், தண்ணீர் வேண்டும்தான், ஆனால் கொஞ்ச நேரம் போகட்டும் என்றாள். அவர் சிரித்துக்கொண்டு குடத்தை மரத்தடியில் வைத்தார்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "பொம்பளைங்களுக்கு இதுல என்னா தெரியும்?" என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா அத்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தையும் அவரைப் பார்த்தாள்.

"பாரும்மா," என்றார் அப்பா.

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினாள். வளையலைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். பானெட்டைத் தூக்கி, முதலில் ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டாள். அப்புறம் கொஞ்சம் மேலே. அப்புறம் எஞ்சின் தலைக்குக் கையை நீட்டி, தொடாமலேயே எடுத்துக்கொண்டாள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைப் பார்ப்பதுபோல் இருந்தது. என்னைக் கூப்பிட்டு, "இங்க கை வை" என்றாள். வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

"எஞ்சின் இங்க கொதிக்குது. ரேடியேட்டரு குளுந்து கெடக்குது," என்றாள் அப்பாவிடம். "சூடு தண்ணி இங்க வந்தாத்தானே ஆறும்? நடுவுல கதவு சாத்திக்கிட்டு இருக்குது. மிஸ்திரி மாத்தினதெல்லாம் நல்லாத்தான் இருக்குது. அவரு தொடாதது ஒண்ணுதான், தெர்மாஸ்டாட்டு."

அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, சூடேறினால் தானே திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்பவேண்டிய ஒரு சின்னக் கதவு அது என்று எனக்கும் அக்காவுக்கும் சேர்த்துச் சொன்னாள். அக்கா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

துரை விட்டுப்போன ஸ்பானர் பை டிக்கியில் இருந்தது. அப்பா அதைப் பிரித்ததே இல்லை. அத்தை பிரித்து, ஒன்றை எடுத்து அளவு பார்த்து வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தாள். ஆவி அடங்கி, எஞ்சின் கை பொறுக்கும் சூட்டுக்கு வரும்வரை யாரையும் கிட்டே விடவில்லை. மாமா மூன்று தடவை கடிகாரத்தைக் காட்டினார். "கலியாணம் காத்திருக்கும். இரும்பு காத்திருக்காது," என்றாள்.

பிறகு எஞ்சின் தலைமேல் வளைந்து நின்ற குழாயின் மரைகளைக் கழற்றினாள். ஒன்று வர மறுத்தது. ஸ்பானரின் நுனியைக் கல்லால் தட்டி அசைத்தாள். மிச்சமிருந்த வெந்நீர் மணிக்கட்டில் தெறித்தது. ஸ் என்றுகூடச் சொல்லவில்லை. உள்ளே விரலை விட்டு, பித்தளைக் கொட்டைபோல ஒன்றை வெளியே எடுத்தாள். மேலெல்லாம் வெந்நீர்ப் பானையில் படிவதுபோல் வெள்ளைக் காறையும் துருவும். அதன் கதவு இறுகிக் கிடந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்துக்கொண்டு, "இது இல்லாமலே ஓடும். வண்டி சூடேற நேரமாகும், அவ்வளவுதான்," என்றாள்.

ஆனால் குழாயைத் திரும்பப் பொருத்த நடுவில் இருந்த அட்டை கிழிந்துபோயிருந்தது. அது இல்லாவிட்டால் தண்ணீர் ஒழுகும். அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். அவள் பார்வை, மறுபடி காருக்குள் போய் உட்கார்ந்திருந்த என் மடிமேல் வந்து நின்றது. கேக் பெட்டியின் மூடியைக் கிழித்து, குழாயின் வாயை அதன்மேல் அழுத்தி அச்செடுத்து, அக்காவின் பையிலிருந்த தையல் கத்திரியால் வெட்டினாள். ஸ்பானர் பையில் கிடந்த கிரீஸை இரண்டு பக்கமும் தடவிப் பொருத்தி மரைகளை இறுக்கினாள். தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றச் சொன்னாள். எஞ்சின் ஓடத் தொடங்கியது. ரேடியேட்டர் வாய்க்குள் தண்ணீர் சுழன்று ஓடுவதை என்னைத் தூக்கிக் காட்டினாள். பெட்டியில் திறந்து கிடந்த கேக்கின்மேல் மெல்லப் புழுதி படிந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

அப்பா முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீயே ஓட்டும்மா," என்றார். தான் வந்து எங்களோடு பின்னால் உட்கார்ந்துகொண்டார். அத்தை ஓட்டினாள். எனக்குத் தெரிந்து அவள் அதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. ஆனால் கியர் மாற்றுவதே தெரியாமல் மாற்றினாள். எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கிக் கொடுத்தாள். நரசாபுரம், கோலார், பங்காருப்பேட்டை எல்லாம் கடந்தன. முள் நடுவைத் தாண்டவே இல்லை.

கோவில் வாசலில் சாமியார் கடிகாரத்தோடு நின்றிருந்தார். அக்கா அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே போனாள். அத்தை கிரீஸ் படிந்த பட்டுப்புடவையோடு முதல் வரிசையில் முழந்தாளிட்டாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அந்தக் கறையைப் பார்த்துக் காதோடு காது பேசியதை நான் பார்த்தேன். எல்லாரிடமும் போய் விஷயத்தைச் சொல்ல எனக்கு வாய் துறுதுறுத்தது.

விருந்தில் அதற்கு அவசியமே இல்லாமல் போயிற்று. மாமாவே அந்தப் பித்தளையைக் கேட்டு வாங்கி, இது கெட்டுப்போனதாகத் தெரியவில்லை, வழியில் குளிர்ந்த காற்றில் கார் தானே சரியாகிவிட்டது என்று நான்கு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை எழுந்து, அதைக் கம்பியில் கட்டி, காப்பிக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீர் அண்டாவில் இறக்கினாள். சமையல்காரர் கத்த வாயெடுத்து அடக்கிக்கொண்டார். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கதவு திறக்கவே இல்லை. "நல்லதா இருந்தா இந்நேரம் விரல் விட்டுப் பாக்கற அளவுக்குத் திறந்திருக்கும்," என்றாள் அத்தை. மாமா தலையை ஆட்டிவிட்டு, காப்பி எந்தத் தண்ணீரில் போடுவார்கள் என்று விசாரிக்கப் போனார்.

மாப்பிள்ளையின் அப்பா சுரங்கத்தில் பெரிய மெஷின்களோடு வேலை பார்த்தவர். அவர் அப்பாவிடம், "உங்க தங்கச்சி இதெல்லாம் எங்க கத்துக்கிட்டாங்க?" என்று கேட்டார்.

பந்தியில் அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. அப்பா இலையிலிருந்து கையை எடுத்தார்.

"யுத்தத்துல பட்டாளத்துல, பொம்பளைங்க பிரிவுல இருந்தா. லாரி ஓட்டினா. ரிப்பேர் பண்ணினா," என்றார், பந்தி முழுவதும் கேட்கும்படி. "எங்க வீட்ல வண்டி தெரிஞ்சது அவ ஒருத்திதான். எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும்."

சம்பந்தி, "அப்படியா," என்று சொல்லி எழுந்துபோய் அத்தைக்குத் தன் கையால் ஒரு துண்டு கேக் கொடுத்தார். அத்தை வாங்கிக்கொண்டாள். பிறகு அதைத் தின்னாமல் தட்டில் வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

அம்மா எனக்கு மிச்சத்தைச் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு. பட்டாளத்துக்குப் போய்வந்த பெண் என்று சொல்லியே அத்தைக்குப் பேசி முடித்திருந்த இடம் விட்டுப்போயிற்றாம். அதற்குமேல் இந்தப் பேச்சை வீட்டில் எடுக்கக்கூடாது, பெண் குழந்தைகள் வளர்கிறார்கள் என்று சொன்னது அப்பாதானாம். அத்தை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம்.

அன்று எனக்கு இவை எதுவும் தெரியாது. அப்பா எப்போதும்போல் ஏதோ ஒன்றைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்கிறார், இந்தத் தடவை நல்ல விஷயமாக அகப்பட்டிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அத்தையைத் தேடிக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். அவள் தண்ணீர்த் தொட்டியருகே நின்று முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். "லாரி எவ்வளவு பெரிசு அத்தை?" என்று கேட்டேன். கையை விரித்துக் காட்டினாள். விரித்த கையை இறக்காமலே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது. மறுபடி முகம் கழுவினாள். வெந்நீர் தெறித்தபோது அழாதவள், அப்பா ஊரறியப் புகழ்ந்ததற்கு ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.