பல் டாக்டர் முன்னால் யாரும் கத்துவதில்லை

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்தெட்டு வயதில் வாழ்க்கையின் அர்த்தம் தேவைப்பட்டது. அந்த வயதில் மற்றவர்களுக்கு மூக்குக்கண்ணாடி தேவைப்படும், சர்க்கரை மாத்திரை தேவைப்படும். இவருக்கு இது. வந்தது வந்துவிட்டது, ஜலதோஷம் மாதிரி தானாகப் போய்விடும் என்று நானும் கண்டுகொள்ளாமல் விட்டேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன்.

இவர் பல் செட் செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. அப்படி யாராவது நினைத்துக்கொண்டால் நான் திருத்துவதும் இல்லை. டாக்டர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அதை வைத்து இவர் பிளாஸ்டரில் ஒரு வாயை வார்த்து, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடைசியில் ரோஸ் நிற ஈறோடு பளபளவென்று முடித்துக் கொடுப்பார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில், ஜன்னல் இருந்தும் திறக்க முடியாத ஓர் அறைதான் இவருடைய லேப். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஸ்டூல். செட்டைத் தேய்க்கும்போது பறக்கிற தூள் சட்டைக் காலருக்குள் போய் உட்கார்ந்துவிடும். துவைத்தால் தண்ணீரே ரோஸாகிவிடும்.

இந்த வேலையில் ஒரு கூத்து உண்டு. தான் பல் செய்துகொடுத்த ஒரு மனிதரைக்கூட இவர் அதுவரை பார்த்தது கிடையாது. சீட்டில் ஒரு நம்பர் வரும், ஆணா பெண்ணா என்று வரும், வயதும் பல்லின் நிறமும் வரும். அவ்வளவுதான். மாட்டிவிடுகிறவர் டாக்டர், நன்றி வாங்கிக்கொள்கிறவரும் டாக்டர். நன்றாக இருந்தால் செட் போன இடம் தெரியாது. நன்றாக இல்லாவிட்டால் மட்டும் கரெக்டாகத் திரும்பி வரும். அதனால் இவருக்குத் தெரிந்ததெல்லாம் தன்னுடைய தப்புகள் மட்டும்தான்.

வியாதி ஆரம்பித்தது பள்ளிக்கூட நண்பர்கள் ஒன்றுகூடிய இடத்தில். ஒருவர் பாலம் கட்டுகிறாராம், இன்னொருவர் நீதிபதியாம். நீ என்ன பண்ணுகிறாய் என்று இவரைக் கேட்டிருக்கிறார்கள். பல்லு என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அந்த நீதிபதி சிரித்தபோது மேல்வரிசையில் நாலு பல் கட்டினது என்று கண்டுபிடித்தது ஒன்றுதான் அன்றைக்கு இவருக்குக் கிடைத்த ஆறுதல். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் வயலின் வந்தது. மூன்று வாரம். கீழ்வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையாக வந்து, உங்க வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனதும் அது பெட்டிக்குள் போனது. விடிகாலை ஓட்டம் வந்தது, முட்டி வீங்கியது. மாடியில் செடி வைத்தார். அது மட்டும் நன்றாக வந்தது, ஆனால் அதில் அர்த்தம் வரவில்லையாம். செடிக்கு இப்போதும் தண்ணீர் விடுகிறவள் நான்தான்.

கடைசியாக வந்து சேர்ந்ததுதான் இலக்கு வகுப்பு. வாடகை மண்டபத்தில், சனி ஞாயிறு சாயங்காலம். நடத்துகிறவர் ஒரு துளி அழுக்கில்லாத வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, பேசும்போது நடுநடுவே கண்ணை மூடிக்கொள்வார். என் மகள் அவருக்கு வெள்ளை ஷூ என்றே பெயர் வைத்துவிட்டாள். நீ எதற்காகப் பிறந்தாய் என்று அவர் கேட்பாராம், வந்தவர்கள் எல்லாம் நோட்டில் எழுத வேண்டுமாம். நான் தபால் ஆபீசில் பார்சல் கவுண்டரில் இருக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் ஒருத்தரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஏம்மா இன்னும் எவ்வளவு நேரம் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

நான் கேலி பண்ணிக்கொண்டேதான் இருந்தேன், அந்த நோட்டைப் பார்க்கிறவரை. மேஜையைத் துடைக்கும்போது திறந்து கிடந்தது. ‘நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன குறையும்?’ என்று ஒரு கேள்வி. அதற்குக் கீழே இவருடைய கோழிக்கிறுக்கல் கையெழுத்தில், ‘ஒன்றும் குறையாது. வேறு ஆள் பல் செய்வான்.’ அடப்பாவி மனுஷா, நான் ஒருத்தி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேனே என்று அந்த நோட்டைப் பார்த்தே திட்டினேன். திட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இருபத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரி இல்லை.

அடுத்த வாரமே குண்டைப் போட்டார். ஆறு மணி நேரப் பயண தூரத்தில் வெள்ளை ஷூவுக்கு ஒரு முகாம் இருக்கிறதாம். அங்கேயே தங்கி, வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். குடும்பத்தைக் கூட்டிவரக் கூடாதாம், கவனம் சிதறுமாம். லேபில் ராஜினாமா கொடுத்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வேன் வரும் என்றார். எத்தனை நாளைக்கு என்று கேட்டேன்.

“தெரியல. போறேன்.”

போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை. கடைக்கு உப்பு வாங்கப் போகும்போதுகூட போயிட்டு வரேன் என்று சொல்கிற மனுஷன் போறேன் என்றார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது ஆகியிருக்கலாம்.

அந்தக் கடைசி வாரம் புதன்கிழமை, லேபின் படியேறி ஒரு அம்மா வந்தார். வயது அறுபதுக்கு மேல், ஆள் ஒல்லி. கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் இவர் செய்த செட். லேபுக்கு நோயாளி வருவது அதுதான் முதல் தடவை. திரும்பத் திரும்ப டாக்டரிடம் போய் அலுத்துப்போய், டப்பாவில் ஒட்டியிருந்த விலாசத்தைப் பார்த்து நேராகவே வந்துவிட்டாராம்.

பஸ் ஸ்டாண்டில் நின்று எந்த பஸ் எங்கே கிளம்புகிறது என்று கூவி ஆள் ஏற்றுவதுதான் அந்த அம்மாவின் வேலை. அங்கே எல்லோரும் மைக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் எல்லாம் போய் நாலு மாசமாகச் சத்தமே எழவில்லை. செட் போட்டால் பேச வருகிறது, சாப்பிட வருகிறது. ஆனால் முழு வாயைத் திறந்து நாப்பத்தாறு என்று பஸ் நம்பரைக் கத்தினால் மேல்செட் கழன்று விழுகிறது. ஒரு தடவை பஸ் படியில் நின்ற ஒரு பையனின் சட்டைப்பை மேலேயே விழுந்ததாம். மேனேஜர் ஒலிபெருக்கி வாங்கிவிட்டார். திங்கட்கிழமைக்குள் குரல் வராவிட்டால் அதை மாட்டிவிடுவார், மைக்கம்மா வீட்டில் உட்கார வேண்டியதுதான். இருபத்தாறு வருஷ வேலை.

இவர் செட்டை அச்சில் வைத்துப் பார்த்திருக்கிறார். கனகச்சிதம். டாக்டர் கிளினிக்கில் போட்டுப் பார்த்தபோதும் கனகச்சிதம். அப்புறம்தான் இவருக்கு உறைத்திருக்கிறது. பல் டாக்டர் முன்னால் யாரும் கத்துவதில்லை. நாற்காலியில் சாய்ந்ததும் எல்லோரும் பூனைக்குட்டி ஆகிவிடுவார்கள். சொன்ன அளவுக்கு வாயைத் திறந்து, கேட்டதைக் குசுகுசுவென்று சொல்வார்கள். அந்த அடங்கின வாய்க்குத்தான் அச்சு எடுக்கிறார்கள். அந்த அடங்கின வாய்க்குத்தான் இருபத்திரண்டு வருஷமாக இவர் பல் செய்துகொண்டிருந்தார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வெள்ளிக்கிழமை இவர் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார் என்று எடுத்துக்கொண்டு போனேன். போகிற ஆளுக்கு என்ன சாப்பாடு என்று ஒரு மனசு சொன்னது, கால் கேட்கவில்லை. முதல் மாடி தாண்டும்போதே காதில் விழுந்தது. ஒரு பொம்பளை குரல், என் புருஷனை நார் நாராகக் கிழிக்கிறது.

“யோவ், கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு? ஏறுனா ஏறு, இல்லன்னா இறங்கு. படியில நின்னு யாருக்குய்யா தரிசனம் குடுக்கற?”

எனக்கு ரத்தம் கொதித்தது. என் புருஷனைத் திட்டுவதாக இருந்தால் நான் திட்டுவேன், இவள் யார் நடுவில்? நாலு நாலு படியாக ஏறிக் கதவைத் தள்ளினேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையில் டார்ச் லைட்டும் இன்னொரு கையில் சின்னக் கண்ணாடியுமாக அந்த அம்மாவின் வாய்க்குள் கிட்டத்தட்டத் தலையையே விட்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எங்கள் கல்யாண போட்டோவில்கூட அது கிடையாது.

“நிறுத்தாதீங்கம்மா, இன்னும் நல்லா திட்டுங்க. எடது பக்கம்தான் தூக்குது” என்றார்.

சும்மா கத்தச் சொன்னால் அந்த அம்மாவுக்கு முழு வாய் திறக்கவில்லையாம். படியில் தொங்குகிறவனைத் திட்டுவதாக நினைத்துக்கொண்டால்தான் திறக்கிறதாம். அதனால் புதன்கிழமையிலிருந்து இவர்தான் படியில் தொங்குகிறவன். வாய் முழுசாகத் திறக்கும்போது தாடை எலும்பு முன்னால் வந்து செட்டின் பின் ஓரத்தைத் தள்ளுகிறது என்று எனக்கு விளக்கினார். கேட்டீர்களா, விளக்கினார். என்னோடு நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசி எட்டு மாசம் ஆகியிருந்தது. இருபத்தொரு வருஷமாக நான் இலவசமாகத் திட்டினேன், அதில் வராத ஞானம் மூன்று நாள் ஊரார் திட்டியதில் வந்திருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை ஒரு விபரீதம் நடந்தது. ஓரத்தைத் தேய்க்கிறேன் தேய்க்கிறேன் என்று கொஞ்சம் அதிகமாகத் தேய்த்துவிட்டார். செட் இப்போது சும்மா இருக்கும்போதே ஆடியது. மைக்கம்மா அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இவர் அவரைக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போய், திட்டத் திட்ட புது அச்சு எடுக்க வேண்டும் என்று நின்றிருக்கிறார். டாக்டர் முதலில் இவருக்குக் கழன்றுவிட்டது என்றே நினைத்தாராம். கடைசியில் எடுத்தார்கள். உள்ளே இருந்து வந்த சத்தத்தில், வெளியே பல் பிடுங்க உட்கார்ந்திருந்த மூன்று பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்தப் புது அச்சில் ராத்திரியே செட்டை வார்த்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அதைப் பிரிக்க ஓடினார். பெட்டி ஹாலில் தயாராக இருந்தது. எட்டு மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

எட்டுக்கு வேன் வந்தது. முன் சீட்டில் வெள்ளை ஷூவே உட்கார்ந்திருந்தார். சார் இல்லையா என்று கேட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். லேபின் விலாசம் அவருக்குத் தெரியாது. பத்து நிமிஷம் பார்த்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் இழுத்துப் பிடித்து வைத்த புருஷன் எனக்கு வேண்டாம். போகிறவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, வேனை நிற்கச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். இரண்டே தெரு. கால் அவ்வளவு கனத்ததே இல்லை.

இவர் செட்டின் ஓரத்தில் ஒரு மணல் அளவு தேய்த்துவிட்டு ஊதிக்கொண்டிருந்தார். மைக்கம்மா எதிரில் வாயைத் திறந்தபடி காத்திருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

“வண்டி வந்துடுச்சு. போறதுன்னா போங்க.”

இவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“எந்த வண்டி?” என்றார்.

நான் திரும்பி நடந்தேன். படியில் இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது, யாரோ துரத்துகிற மாதிரி வேகமாகப் போனேன். அவர் வரவில்லை என்று வெள்ளை ஷூவிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடித் திறந்து, ஐந்து நிமிஷம் மட்டும் அவரோடு பேசலாமா என்றார்.

“இப்ப முடியாது சார். அவர் ஒரு அம்மாகிட்ட திட்டு வாங்கிட்டிருக்கார்” என்றேன்.

மறுநாள் மைக்கம்மா பஸ் ஸ்டாண்டில் ஏறி நின்று கூவியதும், ஒலிபெருக்கி பெட்டி பிரிக்காமலே கடைக்குத் திரும்பிப் போனதும் ஊருக்கே தெரியும். இவர் ராஜினாமாவை முதலாளி கிழித்துப்போட்டார். இவருக்கு இலக்கு கிடைத்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. இப்போதெல்லாம் பல் செட் சரியாக வராதவர்களை டாக்டரே லேபுக்கு அனுப்பிவிடுகிறார். போன மாசம் ஒரு வக்கீல் வந்து இவரைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டுப் போனார்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வேனை அனுப்பிவிட்டு மறுபடி லேபுக்குப் போனேன். இவர் இந்தத் தடவை என்னைப் பார்த்தார். நல்ல வேளை வந்தாய் என்கிற மாதிரி பார்த்தார்.

“நீ போய் அந்த வராண்டா கோடியில நில்லு. இங்கருந்து எனக்குத் தெரியல. உனக்குக் கேக்குதான்னு பாத்துச் சொல்லு.”

போய் நின்றேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்காகத் தேய்க்கிற மெஷின் இரண்டையும் ஓடவிட்டார். அதையும் தாண்டிக்கொண்டு வந்தது அந்தக் குரல். நாப்பத்தாறு, நாப்பத்தாறு, நாப்பத்தாறு. வராண்டாச் சுவரெல்லாம் அதிர்ந்தது. செட் இம்மிகூட அசையவில்லை என்று மைக்கம்மாவின் குரலிலேயே தெரிந்தது. மூன்றாவது தடவை அதில் ஒரு திமிர் வந்துவிட்டிருந்தது. இவர் வாசலில் தலையை நீட்டி, புருவத்தைத் தூக்கி என்னைக் கேட்டார்.

கேக்குது என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒரு சத்தமும் வரவில்லை. கண்ணீர் அது பாட்டுக்குக் கொட்டுகிறது. இந்த மனுஷனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, எனக்குக் கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். முகம் வாடி, செட்டைக் கழற்றித் தரச் சொல்லி உள்ளே கை நீட்டினார், மறுபடி தேய்ப்பதற்கு. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. நாலு மாசம் வாயடைத்துக் கிடந்தவள் நான்தான் என்கிற மாதிரி கத்தினேன்.

“கேக்குதுங்க. நல்லா கேக்குது. அதைத் தொடாதீங்க.”